வானுக்குக் காவல் நின்ற வைணு பாப்பு

முன்னுரை

மண்ணை ஆண்ட மன்னர்களைப் பற்றி நாம் நிறையப் படிக்கிறோம். விண்ணை ஆராய்ந்த மேதையரைப் பற்றி நாம் அறிந்திருப்பது கொஞ்சமே. அதிலும் நம் தமிழ்நாட்டு மலையொன்றில் இரவெல்லாம் கண்விழித்து, உலகமே வியக்கும் வானாய்வகத்தை எழுப்பிய ஒருவரைப் பற்றிக் கேட்டால் நம்மில் பலர் விடை தெரியாமல் விழிப்போம். அவரே டாக்டர் வைணு பாப்பு ஆவார். தற்கால இந்திய வானியலின் தந்தை என்று அறிஞர் அவரைப் போற்றுவர்.

வானத்தை நிமிர்ந்து பார்க்கிறோம். நேற்று இருந்த விண்மீன்களே இன்றும் இருக்கின்றன. நம் பாட்டியார் கண்ட வானத்தையே நாமும் காண்கிறோம். எனவே வானம் மாறாதது என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் அந்த வானத்தின் ஆழத்தில், கோடிக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பால், சில நிமிடங்களுக்குள் ஒளி பெருகிச் சில நிமிடங்களுக்குள் மங்கிவிடும் பொருள்கள் உள்ளன. அவற்றைக் காண வேண்டுமாயின், அந்த நிமிடத்தில் யாரேனும் விழித்திருக்க வேண்டும். உலகின் மறுபக்கம் பகலாக இருக்கும்போது நம் பக்கத்தில் விழித்திருக்க ஆளும் கருவியும் வேண்டும். அந்த விழிப்பை நம் நாட்டுக்குத் தந்தவர் வைணு பாப்பு. அதனாலேயே அன்னாரின் வரலாற்றை இம்மலரில் எழுத முற்பட்டோம்.

பிறப்பும் இளமையும்

வைணு பாப்பு 1927 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 10 ஆம் நாள் சென்னையில் பிறந்தார். மணாலி கல்லாட் வைணு பாப்பு என்பது அவரது முழுப் பெயர். மலபாரிலிருந்து வந்த குடும்பம். பெற்றோருக்கு அவர் ஒரே பிள்ளை. தந்தையார் ஐதராபாத்திலிருந்த நிஜாமியா வானாய்வகத்தில் பணி புரிந்தார். மற்றப் பிள்ளைகளுக்குப் பம்பரமும் கோலியும் எப்படியோ, அப்படியே இச்சிறுவனுக்குத் தொலைநோக்கி பழக்கமாயிற்று.

ஐதராபாத்தில் நிஜாம் கல்லூரியில் படித்தார். மாணவராக இருந்தபோதே அவர் மனத்தைக் கவர்ந்தவை ஒளி மாறும் விண்மீன்கள். எல்லா விண்மீன்களும் ஒரே அளவில் ஒளி வீசுவதில்லை. சில விண்மீன்கள் சில நாள்களில் ஒளி கூடிக் குறையும். சில விண்மீன்களுக்கு ஓராண்டுகூட ஆகும். இவற்றை இரவுதோறும் பார்த்து, அருகிலுள்ள மாறாத விண்மீனோடு ஒப்பிட்டு, இன்று இவ்வளவு, நாளை இவ்வளவு என்று குறித்துவர வேண்டும். ஒருநாள் தவறினால் கணக்கில் ஓட்டை விழும். பொறுமை இல்லாதவருக்கு இது ஏற்ற வேலை அன்று. வைணு பாப்பு இதைச் செய்தார். பட்டப்படிப்புப் படிக்கும் வயதிலேயே இவ்விண்மீன்கள் பற்றி ஆய்வுக் கட்டுரைகளும் வெளியிட்டார்.

அக்காலத்தில் வானியலார் வைத்திருந்த ஒளி மாறும் விண்மீன்களின் பட்டியலில் ஒரு விசித்திரமான பெயரும் இருந்தது. 1929 ஆம் ஆண்டில் குனோ ஹாஃப்மைஸ்டர் என்னும் ஜெர்மானிய வானியலார் பல்லி என்னும் விண்மீன் கூட்டத்தில் அதைக் கண்டு பட்டியலில் சேர்த்திருந்தார். பிஎல் லாசெர்ட்டே என்று அதற்குப் பெயர். எல்லாரும் அதையும் ஒரு விண்மீன் என்றே நம்பினர். அது உண்மையில் என்ன என்பதைப் பின்னர்க் காண்போம்.

கடல் கடந்த கல்வி

1949 ஆம் ஆண்டு ஐதராபாத் அரசின் உதவித்தொகை பெற்று வைணு பாப்பு அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். போய்ச் சேர்ந்து சில மாதங்களே ஆயின. ஜூலை 2 ஆம் நாள் இரவு அவர் வானத்தைப் புகைப்படத் தட்டில் பிடித்தார். தட்டைக் கழுவிப் பார்த்தபோது அதில் எதிர்பாராத ஒரு மங்கல் தென்பட்டது. வேறொருவராயின் தட்டில் ஏதோ கறை என்று ஒதுக்கியிருக்கலாம். அவர் ஒதுக்கவில்லை. ஆசிரியர் பார்ட் பாக், உடன் பயின்ற கோர்டன் நியூகிர்க் ஆகியோருடன் சேர்ந்து ஆராய்ந்தார். அது இதுவரை யாரும் கண்டிராத வால்மீன்! பாப்பு-பாக்-நியூகிர்க் வால்மீன் என்று அதற்குப் பெயர் வழங்கலாயிற்று. அதற்காக டான்ஹோ வால்மீன் பதக்கமும் அவருக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 21.

1952 இல் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர் கார்னெகி நிறுவனத்தின் உதவித்தொகையுடன், அந்நாளில் உலகின் மிகப் பெரிய தொலைநோக்கி இருந்த பாலோமர் மலையில் ஆராய்ச்சி செய்யும் வாய்ப்புக் கிட்டியது. அங்கே ஆலின் வில்சன் என்னும் விஞ்ஞானியுடன் சேர்ந்து அவர் கண்ட உண்மையே வில்சன்-பாப்பு விளைவு எனப்படுவது. 1957 இல் இது விரிவாக வெளியாயிற்று.

இதை எளிமையாகச் சொல்ல முயல்வோம். இருட்டில் ஒரு விளக்கு மங்கலாகத் தெரிகிறது. அது அருகிலுள்ள சிறு விளக்கா, தொலைவிலுள்ள பெரிய விளக்கா? பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. விண்மீனுக்கும் இதுவே சிக்கல். வைணு பாப்புவும் வில்சனும், சூடு குறைந்த விண்மீன்களின் நிறமாலையில் கால்சியம் என்னும் தனிமம் உண்டாக்கும் கோட்டினுள் தெரியும் ஒளிக்கீற்றின் அகலத்தை அளந்தனர். கீற்று அகன்றிருந்தால் அவ்விண்மீன் உண்மையில் பேரொளி உடையது. குறுகியிருந்தால் ஒளி குறைந்தது. உண்மை ஒளி தெரிந்தால் தொலைவும் தெரிந்துவிடும். தொட முடியாத, போய்ப் பார்க்க முடியாத ஒன்றை, அதிலிருந்து வரும் ஒளியைக் கொண்டே அளந்துவிட்டனர். வானியலார்க்கு இதுவே வழி. ஒளியைத் தவிர அவர்கள் கையில் வேறொன்றும் இல்லை.

தாயகம் திரும்புதல்

அமெரிக்காவிலேயே இருந்திருந்தால் வைணு பாப்பு உலகின் தலைசிறந்த கருவிகளோடு வசதியாக ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கலாம். அவர் 1953 இல் தாயகம் திரும்பினார். அக்காலத்தில் நம் நாட்டில் விண்மீன்களை ஆராயத் தக்க பெரிய தொலைநோக்கி ஒன்றுமே இல்லை. எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது.

1954 இல் உத்தரப் பிரதேச அரசு வாரணாசியில் தொடங்கிய வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்றார். சமவெளியின் புழுதியும் கங்கைக்கரை மூட்டமும் வானியலுக்கு ஏற்றவை அல்ல. ஆதலால் 1955 இல் அதை இமயமலை அடுக்கிலுள்ள நைனிதாலுக்கு மாற்றினர். அவ்வானாய்வகம் பிற்காலத்தில் செய்த அரும்பணியை இக்கட்டுரையின் இறுதியில் கூறுவோம்.

1960 இல் கோடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநராக வைணு பாப்பு நியமிக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 33 கூட நிரம்பவில்லை. கோடைக்கானல் வானாய்வகம் 1899 இல் தொடங்கப்பட்டது. சூரியனை ஆராய்வதில் உலகப் புகழ் பெற்றது. பகலில் சூரியனைப் பார்க்க அது நல்ல இடம். ஆனால் இரவில் விண்மீன்களைப் பார்க்க மேகமும் பனியும் தடை செய்தன. மலைவாசிகளாகிய நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் ஏற்காட்டில் மாலையில் மஞ்சு இறங்கினால் ஏரிக்கரையில் எதிரே வருபவர் முகம்கூடத் தெரியாது. பின் விண்மீன் எங்கே தெரியும்?

காவலூர்

எனவே வைணு பாப்பு தென்னாட்டில் வேறோர் இடம் தேடினார். அவ்விடம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்க வேண்டும். அப்போதுதான் வடவானத்தோடு தென்வானத்தின் பெரும்பகுதியையும் காணலாம். நகர விளக்குகள் எட்டாத இடமாகவும் இருக்க வேண்டும். மழைமாதங்கள் போக மற்ற மாதங்களில் வானம் தெளிந்திருக்க வேண்டும். தேடிக் கண்ட இடமே ஜவ்வாது மலையிலுள்ள காவலூர்.

ஜவ்வாது மலையும் எங்கள் சேர்வராயன் மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையின் பிள்ளைகள். எங்கள் மலை சுமார் 1,500 மீட்டர் உயரம். காவலூரோ 725 மீட்டர்தான். அக்காள் உயரமாக வளர்ந்துவிட்டாள். ஆனால் தங்கைக்கே வானம் பார்க்கும் பேறு கிடைத்தது.

1968 இல் காவலூரில் 38 செ.மீ. விட்டமுள்ள தொலைநோக்கி இயங்கத் தொடங்கியது. இதை வெளிநாட்டில் விலைகொடுத்து வாங்கவில்லை. வானாய்வகத்தாரே தம் பட்டறையில் உருவாக்கினர். ஆடி தேய்க்கவும், இரும்பு கடையவும், மின்கருவி அமைக்கவும் நம்மவர்க்கு முடியும் என்பதில் வைணு பாப்புவுக்கு அசையாத நம்பிக்கை இருந்தது. 1972 இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனம் செய்த 1 மீட்டர் தொலைநோக்கி அங்கு வந்து சேர்ந்தது. இதற்கிடையில் 1971 இல் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் தன்னாட்சி நிறுவனமாக உருவாயிற்று. வைணு பாப்பு அதன் முதல் இயக்குநரானார். பின்னர் அதன் தலைமையகம் பெங்களூரில் அமைந்தது.

நொடிப்பொழுதின் அருமை

1977 மார்ச் 10 ஆம் நாள் இரவு யுரேனஸ் கோள் ஒரு விண்மீனுக்கு முன்னால் கடந்து செல்லவிருந்தது. கோள் மறைக்கும்போது விண்மீனின் ஒளி எப்படி மங்குகிறது என்று பார்க்கப் பல நாட்டினரும் ஆயத்தமாயினர். அமெரிக்கர் விமானத்தில் தொலைநோக்கியை ஏற்றிக்கொண்டு பறந்தனர். காவலூரில் 1 மீட்டர் தொலைநோக்கி காத்திருந்தது.

கோள் மறைப்பதற்கு முன்பே விண்மீனின் ஒளி சில நொடிகள் மங்கி, மீண்டும் ஒளிர்ந்தது. வானில் மேகமில்லை, கருவியிலும் கோளாறில்லை. பிற இடங்களில் பதிவானவற்றோடு ஒப்பிட்டபோது உண்மை வெளிப்பட்டது. யுரேனஸுக்குச் சனியைப் போலவே வளையங்கள் உண்டு! இருநூறாண்டாக அறியப்படாதிருந்த வளையங்களை, சில நொடிகளில் வந்துபோன ஒளி மாற்றம் காட்டிக்கொடுத்தது. அந்த நொடிகளில் காவலூர் விழித்திருந்தது.

இயேசுபிரான் கூறிய பத்துக் கன்னியர் உவமையை நாம் அறிவோம். மணமகன் எப்போது வருவான் என்று யாருக்கும் தெரியாது. விளக்கில் எண்ணெய் வைத்திருந்தவர் உள்ளே சென்றனர். இல்லாதவர் கடைக்குச் சென்று திரும்புவதற்குள் கதவு அடைபட்டது. வானியலும் இத்தகையதே. ஒளி வரும்போது தொலைநோக்கி ஆயத்தமாக இருக்க வேண்டும். வந்தபின் கருவி வாங்கப் புறப்பட்டால் பயனில்லை.

விண்மீன் அல்லாத விண்மீன்

காவலூரில் முதல் தொலைநோக்கி இயங்கத் தொடங்கிய அதே 1968 ஆம் ஆண்டில்தான், முன்பு நாம் கூறிய பிஎல் லாசெர்ட்டேயின் வேடம் கலைந்தது. அவ்விடத்திலிருந்து வலிய ரேடியோ அலைகள் வருவது தெரிந்தது. விண்மீன்கள் அவ்வாறு அலை வீசுவதில்லை. 1970 களில் மேலும் ஆராய்ந்தபோது, அது சுமார் 90 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள ஒரு விண்மீன் திரளின் நடுப்பகுதி என்று புலனாயிற்று. சுமார் நாற்பது ஆண்டு விண்மீன் பட்டியலில் வீற்றிருந்தது விண்மீனே அன்று!

விண்மீன் திரள்களின் நடுவில் பெருங்கருந்துளைகள் உள்ளன என்று இன்று அறிவோம். அவற்றுள் சில நம் சூரியனைப் போல் கோடிக்கணக்கான மடங்கு நிறை உடையவை. வாயுவும் தூசியும் கருந்துளையைச் சுற்றிச் சுழன்று உள்ளே விழும்போது அளவற்ற வெப்பமும் ஒளியும் உண்டாகின்றன. சில திரள்களில் மற்றொரு விந்தையும் நடக்கிறது. சுழலும் தட்டுக்கு மேலும் கீழுமாக இரண்டு தாரைகள் பீச்சாங்குழல் நீர்போல் பாய்ந்து செல்கின்றன. அவற்றிலுள்ள துகள்கள் ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் ஓடுகின்றன. அத்தாரை நம்மை நோக்கி நேராக அமைந்துவிட்டால் அத்திரளுக்கு ப்ளாசர் என்று பெயர்.

சேலத்திலிருந்து ஏற்காடு வரும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. இரவில் மேலிருந்து பார்த்தால், கீழே வரும் பேருந்தின் விளக்கு மங்கலாகத் தெரியும். வளைவில் திரும்பி நம் முகத்துக்கு நேரே வந்ததும் கண் கூசும். பேருந்தும் அதுவே, விளக்கும் அதுவே. திசை மட்டும் மாறியது. ப்ளாசர் பேரொளியுடன் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எதிர்பாராத மறைவு

தன் நாட்டிலேயே பெரியதொரு தொலைநோக்கியை உருவாக்க வேண்டும் என்பது வைணு பாப்புவின் பெருங்கனவு. 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடியைப் பெங்களூரிலேயே தேய்த்து மெருகேற்றினர். இரும்பு வேலைகளும் நம் நாட்டிலேயே நடந்தன. ஒரு மயிரிழையின் நூற்றில் ஒரு பங்குகூடப் பிசகாமல் ஆடியைத் தேய்ப்பது ஆண்டுக்கணக்கான வேலை.

இதனிடையே சிறப்புகள் அவரைத் தேடி வந்தன. 1970 இல் பட்நாகர் பரிசு கிடைத்தது. 1979 இல் அனைத்துலக வானியல் ஒன்றியத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். உலக வானியலார் அனைவருக்கும் நம்மவர் ஒருவர் தலைவரானார்! 1981 இல் அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது.

1982 ஆகஸ்டில் அவ்வொன்றியத்தின் பொதுக்கூட்டம் கிரீஸ் நாட்டின் பாட்ராஸ் நகரில் கூடியது. தலைமை ஏற்க வேண்டியவர் ஜெர்மனியின் மியூனிக் நகர மருத்துவமனையில் இதய அறுவை சிகிச்சைக்காகப் படுத்திருந்தார். ஆகஸ்டு 19 ஆம் நாள் அவர் ஆவி பிரிந்தது. ஐம்பத்தைந்து வயது நிரம்பி ஒன்பது நாள்களே ஆகியிருந்தன. தாம் கனவு கண்ட பெரிய தொலைநோக்கியின் வழியாக ஒரு விண்மீனையேனும் அவர் பார்க்கவில்லை.

மோசே நெபோ மலைமேல் நின்று வாக்களிக்கப்பட்ட நாட்டைத் தொலைவிலிருந்து பார்த்ததோடு சரி. அதில் கால் வைக்கவில்லை. மக்களோ உள்ளே சென்றனர். அப்படியே வைணு பாப்புவின் மாணாக்கரும் உடன் உழைத்தோரும் வேலையை விட்டுவிடவில்லை. 1986 சனவரி 6 ஆம் நாள் பிரதமர் இராஜீவ் காந்தி அத்தொலைநோக்கியை நாட்டுக்கு அர்ப்பணித்தார். மூன்று அரசர் திருநாளன்று, விண்மீனைப் பின்தொடர்ந்த ஞானிகளை நாம் நினைவுகூரும் அந்நாளில், வானாய்வகத்துக்கும் தொலைநோக்கிக்கும் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது. அதுவே அப்போது நாட்டின் மிகப் பெரிய தொலைநோக்கி.

மெழுகுதிரி சொல்லும் கணக்கு

அவர் மறைவுக்குப் பின் வானியல் வேறொரு வாயிலைத் திறந்தது. ஒளியில் மிக ஆற்றல் வாய்ந்தது காமாக் கதிர். அது விண்ணிலிருந்து வரும்போது காற்றில் மோதி அழிந்துவிடும், தரையை எட்டாது. ஆனால் மோதும்போது துகள்களின் மழை ஒன்றை உண்டாக்கும். அத்துகள்கள் காற்றில் மெல்லிய நீல ஒளியைச் சிந்தும். செரன்கோவ் ஒளி என்பது அதுவே. ஒரு வினாடியை நூறு கோடிக் கூறாக்கினால், அவற்றுள் சில கூறுகளே அது நீடிக்கும். நிலவில்லாத இரவில், பெரிய ஆடிகளையும் மிக விரைவான மின்கருவிகளையும் கொண்டு அதைப் பிடிக்கலாம்.

1992 இல் அமெரிக்காவின் அரிசோனாவிலுள்ள விப்பிள் தொலைநோக்கி, மார்க்கரியன் 421 என்னும் ப்ளாசரிலிருந்து இத்தகைய காமாக் கதிர்கள் வருவதைக் கண்டது. அது சுமார் 40 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ளது. 1996 மே மாதம் அதே தொலைநோக்கி அதை நோக்கியபோது, ஏறக்குறைய அரை மணி நேரத்திற்குள் அதன் காமா ஒளி ஏறி இறங்கிவிட்டது. கால் மணி நேரத்திலேயே இரு மடங்கு மாற்றம்! 2006 சூலையில் நமீபியா நாட்டிலுள்ள ஹெஸ் தொலைநோக்கிகள், நூறு கோடி ஒளியாண்டுக்கும் அப்பாலுள்ள மற்றொரு ப்ளாசரில் சில நிமிடங்களிலேயே ஒளி மாறுவதைப் பதிவு செய்தன.

இவ்விரைவு நமக்கு என்ன சொல்கிறது? பாஸ்கா திருவிழிப்பு இரவை எண்ணிப் பாருங்கள். ஆலயம் இருளில் இருக்கிறது. பாஸ்கா மெழுகுதிரியிலிருந்து முதல் வரிசையில் உள்ளவர் திரியைக் கொளுத்துகிறார். அவரிடமிருந்து அடுத்தவர், அவரிடமிருந்து அதற்கடுத்தவர் என்று சுடர் கடைசி வரிசை வரை செல்கிறது. சிறிய ஆலயமாயின் இரண்டு நிமிடத்தில் எங்கும் ஒளி. பெரிய பேராலயமாயின் நேரமாகும். வெளியே நின்று சன்னலைப் பார்ப்பவர், ஒளி பரவ எடுத்த நேரத்தைக் கொண்டே ஆலயம் சிறியதா பெரியதா என்று சொல்லிவிடலாம்.

விண்ணில் ஒளியைவிட விரைவாக எச்செய்தியும் செல்ல இயலாது. ஒரு பொருள் 15 நிமிடத்தில் ஒளி மாறினால், அதன் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஒளி சென்று சேர 15 நிமிடத்துக்கு மேல் ஆகக்கூடாது. ஒளி வினாடிக்கு 3 இலட்சம் கி.மீ. செல்லும். 15 நிமிடத்தில் 27 கோடி கி.மீ. செல்லும். பூமிக்கும் சூரியனுக்கும் இடையே 15 கோடி கி.மீ. என்பதை நினைவிற் கொள்க. தாரை நம்மை நோக்கி விரைந்து வருவதால் நமக்குக் காலம் சுருங்கித் தோன்றும். ஆதலால் உண்மை அளவு இதைப் போல் பல மடங்கு இருக்கலாம். அப்படியே வைத்துக்கொண்டாலும், ஒளி கடக்கவே ஓர் இலட்சம் ஆண்டு ஆகும் பெருந்திரளுக்குள் அது ஒரு கடுகே. அக்கடுகளவு இடத்திலிருந்து முழுத் திரளின் ஒளியையும் விஞ்சும் ஆற்றல் பீறிடுகிறது. துகள்களுக்கு இவ்வளவு விரைவில் இவ்வளவு ஆற்றல் எப்படிக் கிடைக்கிறது என்பது விஞ்ஞானிகள் இன்றும் விடை தேடும் வினா.

கோட்டின் அகலத்தைக் கொண்டு விண்மீனின் உண்மை ஒளியை அளந்தார் வைணு பாப்பு. ஒளி மாறும் விரைவைக் கொண்டு கருந்துளையின் பக்கத்தை அளக்கின்றனர் இன்றைய வானியலார். கருவிகள் மாறின; சிந்தனை முறை மாறவில்லை.

கரடியும் ஏழு தொலைநோக்கிகளும்

அரிசோனாவில் பொழுது விடிந்தால் அங்குள்ள தொலைநோக்கி கண்ணை மூட வேண்டும். ப்ளாசர் அதற்காகக் காத்திராது. அரிசோனாவுக்கு ஏறக்குறைய நேர் மறுபக்கத்தில் இருப்பது நம் இந்தியா. அங்கே பகல் என்றால் இங்கே இரவு. நாம் விழித்திருந்தால்தான் உலகின் காவலில் இடைவெளி விழாது.

வைணு பாப்பு தொடங்கிய நிறுவனங்கள் இக்காவலை ஏற்றன. அவர் இளமையில் பொறுப்பு வகித்த நைனிதால் வானாய்வகத்தின் 104 செ.மீ. தொலைநோக்கி, ஒரே ப்ளாசரை இரவு முழுதும் தொடர்ந்து நோக்கி, ஓர் இரவுக்குள் அதன் ஒளி மாறுவதை ஆண்டுக்கணக்கில் பதிவு செய்தது. காவலூரின் பெரிய தொலைநோக்கியும் இத்தகைய நோக்கல்களில் பங்கு கொண்டது. இந்திய வான் இயற்பியல் நிறுவனம் லடாக்கிலுள்ள ஹான்லே என்னும் இடத்தில், சுமார் 4,300 மீட்டர் உயரத்தில், மற்றொரு வானாய்வகம் அமைத்தது. அங்கே டாடா ஆராய்ச்சி நிறுவனத்துடன் சேர்ந்து 2008 இல் ஹாகர் என்னும் காமாக் கதிர் கருவியை நிறைவு செய்தது. ஏழு தொலைநோக்கிகள், ஒவ்வொன்றிலும் ஏழு ஆடிகள்.

எங்கள் ஏற்காட்டு மலையில் கரடியூர் என்று ஓர் ஊர் உண்டு. வானிலும் ஒரு கரடி உண்டு. சப்தரிஷி மண்டலம் என்று நாம் அழைக்கும் ஏழு விண்மீன்கள் மேலைநாட்டார் பெருங்கரடி என்று கூறும் கூட்டத்தின் ஒரு பகுதி. மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் வானம் தெளிந்த இரவில் கரடியூரிலிருந்து வடக்கே பார்த்தால் அதைக் காணலாம். மார்க்கரியன் 421 இருப்பது அப்பெருங்கரடியின் எல்லைக்குள்ளேதான். வெறுங்கண்ணுக்குத் தெரியாது. 2010 பிப்ரவரியில் அது மிகப் பெரிய அளவில் கொந்தளித்தது. உறையும் குளிரில் ஹான்லேயின் ஏழு தொலைநோக்கிகளும் அதை நோக்கி நின்றன. கொந்தளிப்பைப் பதிவு செய்தன. நாற்பது கோடி ஆண்டு பயணம் செய்து வந்த ஒளி நம் நாட்டு மலையில் வரவேற்கப்பட்டது.

2015 செப்டம்பர் 28 இல் ஏவப்பட்ட அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோள், ப்ளாசர்களைப் புறஊதாக் கதிரிலும் எக்ஸ் கதிரிலும் ஒரே நேரத்தில் பார்த்தது. அதன் புறஊதாத் தொலைநோக்கியை உருவாக்கியதில் வைணு பாப்புவின் நிறுவனத்துக்குப் பெரும்பங்கு உண்டு. 2024 அக்டோபரில் ஹான்லேயில் 21 மீட்டர் விட்டமுள்ள மேஸ் என்னும் பெரிய காமாக் கதிர்த் தொலைநோக்கி திறந்துவைக்கப்பட்டது. இதைப் பாபா அணு ஆராய்ச்சி மையம் அமைத்தது. காவல் தொடர்கிறது.

முடிவுரை

வைணு பாப்பு காமாக் கதிர்த் தொலைநோக்கி எதையும் கட்டவில்லை. ப்ளாசரின் நிமிடநேரக் கொந்தளிப்பை அவர் அறியவும் இல்லை. அறியும் முன்பே மறைந்தார். ஆனால் எதைப் பார்க்கப் போகிறோம் என்று தெரியாத நாளிலேயே, பார்ப்பதற்கு ஓர் இடத்தையும், கருவியையும், அவற்றை இயக்க வல்ல ஆள்களையும் ஆயத்தம் செய்தார். தமக்குக் கிட்டாத காட்சிக்காக விளக்கில் எண்ணெய் வார்த்து வைத்தவர் அவர்.

நாமும் இதனை மனத்திற் கொள்ள வேண்டும். தேர்வுக்கு முதல்நாள் விழித்திருப்பது எளிது. எப்போது வரும் என்று தெரியாத ஒன்றுக்காக நாள்தோறும் ஆயத்தமாக இருப்பதே அரிது. கணக்கும் அறிவியலும் பெண்களுக்குக் கடினம் என்று சொல்வோர் இன்னும் சிலர் உள்ளனர். இரவில் வானம் யார் பார்க்கிறார் என்று கேட்பதில்லை. பொறுமையும் விழிப்பும் உடையவர்க்கே அது தன் மறைபொருளைக் காட்டுகிறது. அடுத்த கொந்தளிப்பின் ஒளி இந்நேரம் வழியில் வந்துகொண்டிருக்கிறது. அது வந்து சேரும் இரவில் தொலைநோக்கியின் அருகே விழித்திருப்பவர் நம் பள்ளி மாணவியருள் ஒருவராக இருக்கட்டும்.

வாழ்க வைணு பாப்புவின் புகழ்! வளர்க நம் நாட்டு வானியல்!